விசையைக் கேட்காதீர்கள், எழுத்தைக் கேளுங்கள்

புதுச்சேரியில் ஓர் இணையப் படிவம் பல மொழிகளைத் தாங்கியாக வேண்டும். தமிழும் ஆங்கிலமும் எங்கும் உண்டு. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. 1956 மே 28-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் பிரெஞ்சுக்கும் இடம் தந்தது. இத்தகைய ஊரில் பெயர் எழுதும் கட்டம் மக்கர் செய்தால் ‘பிரவுசர் சரியில்லை’ என்று பழி போடுவது எளிது. பெரும்பாலும் கோளாறு உலாவியில் இல்லை. நிரல் தவறான நிகழ்வுக்குக் காது கொடுப்பதில்தான் இருக்கிறது.

பொத்தானை அழுத்துவது, விசையைத் தட்டுவது, கட்டத்தில் எழுத்து விழுவது ஆகிய ஒவ்வொன்றையும் உலாவி ஒரு நிகழ்வாக அறிவிக்கிறது. அதைக் கேட்டு வேலை செய்யும் நிரல்துண்டுதான் ஈவென்ட் ஹேண்ட்லர். நிகழ்வை எந்தத் திசையில் அனுப்புவது என்பதில் உலாவிகள் தொடக்கத்தில் ஒத்துப்போகவில்லை. 1997-இல் நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு நிகழ்வைப் பக்கத்தின் வெளி உறுப்பிலிருந்து உள் உறுப்புக்கு அனுப்பியது. அதே ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்பு உள்ளிருந்து வெளியே அனுப்பியது. 2000 நவம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இரண்டையும் சேர்த்துப் பொதுவிதி வகுத்தது. எக்ஸ்புளோரர் அதை ஏற்றதோ 2011-இல், ஒன்பதாம் பதிப்பில். இடைப்பட்ட காலம் முழுவதும் ஒரே வேலைக்கு இரண்டு வழி எழுத வேண்டியிருந்தது. உலாவியின் பெயரைக் கேட்டு வழியைத் தீர்மானிக்கும் பழக்கம் அப்போது வேரூன்றியது. கேட்க வேண்டியது பெயரை அல்ல. ‘இந்த வசதி உன்னிடம் உண்டா’ என்பதைத்தான்.

உலாவியே மாறாதபோதும் கோளாறு வரும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் ‘நா’ எழுத, ஆங்கில விசைப்பலகையில் அரைப்புள்ளி விசையையும் ‘க்யூ’வையும் தட்டுகிறோம். பிரெஞ்சு விசைப்பலகையில் அதே இடங்களில் இருப்பவை ‘எம்’, ‘ஏ’. விசையில் பொறித்த எழுத்தை நம்பித் தமிழாக மாற்றும் நிரல், ந-வுக்கு ர-வையும் ஆ-வுக்கு அ-வையும் தரும். விசை இருக்கும் இடத்தைப் பார்க்கும் நிரல் தப்பிக்கும். கைபேசியிலோ அந்த வழியும் அடைபடுகிறது. ஆண்ட்ராய்டு குரோமில் திரை விசைப்பலகையைத் தட்டும்போது பல நேரங்களில் ‘கீடவுன்’ நிகழ்வு தருவது 229 என்ற ஒரே எண்ணைத்தான்; எந்த எழுத்து என்று தெரியாது. சுட்டியால் ஒட்டிய பெயருக்கும், குரல்வழி எழுதிய பெயருக்கும் விசை நிகழ்வே இல்லாமல் போகலாம். எனவே சரிபார்க்கும் நிரல் காத்திருக்க வேண்டியது ‘இன்புட்’ நிகழ்வுக்கு. எழுத்து எவ்வழியில் வந்தாலும், கட்டத்தில் விழுந்ததும் அது சொல்லிவிடும். பிரெஞ்சுப் பெயரில் ‘ஓ’வின் மேல் கூரைக்குறி இடும்போதுபோல் எழுத்து இரண்டு தட்டலில் உருவானால், அது முடியும்வரை நிரல் கட்டத்தைத் திருத்தக் கூடாது.

‘எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றுவிட்டது, எட்ஜும் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு வந்துவிட்டது, இனி ஏன் கவலை?’ என்று கேட்கலாம். ஐபோனின் சஃபாரியும் கணினியின் ஃபயர்ஃபாக்ஸும் இன்றும் வேறு இயந்திரங்களில்தான் ஓடுகின்றன. அதைவிட முக்கியம், மேலே சொன்ன விசைப்பலகைச் சிக்கல்கள் ஒரே குரோமுக்குள்ளேயே எழுபவை. ‘2006-இல் வந்த ஜேக்வெரி போன்ற நூலகங்கள் பார்த்துக்கொள்ளாதா?’ என்பது அடுத்த கேள்வி. ஹேண்ட்லரை இணைக்கும் முறையில் இருந்த வேற்றுமையை அவை தீர்த்தன. எந்த நிகழ்வைக் கேட்பது என்ற முடிவை நமக்காக அவை எடுக்க முடியாது. சிறு அலுவலகத்துக்குச் சோதனைச் செலவு கட்டுப்படியாகாது என்ற வாதம் நியாயமானது. ஆனால் இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு தமிழ்ப் பெயரையும் ஒரு பிரெஞ்சுப் பெயரையும் கணினியில் தட்டியும், கைபேசியில் எழுதியும், ஒட்டியும், குரலில் சொல்லியும் பார்த்தால் போதும். எங்கே தவறுகிறதோ அங்கே எந்த நிகழ்வு வந்தது, எது வரவில்லை என்பதை உலாவியின் கன்சோலில் அச்சிட்டுப் பார்க்கலாம்.

படிவம் செய்பவர்களே, பொதுமக்கள் கையில் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒருவர் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுத முடியாத படிவம், எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலை முடியாத படிவமே.