பித்தளைக் கூடும் மின்பொறியும்

பித்தளை நம் வாழ்வோடு ஒன்றிய உலோகம். கோயிலிற் குத்துவிளக்காகவும், இல்லத்திற் குடமாகவும் தாம்பாளமாகவும், கிணற்றடியிற் குழாய்முனையாகவும் அது நமக்குத் தொண்டு செய்கின்றது. அதே பித்தளை, துவக்குத் தோட்டாவின் கூடாக அமையும்போது, கண்ணிமைக்கும் பொழுதில் எழும் பேரமுக்கத்தைத் தாங்கிச் சுடுவோன் முகத்தைக் காக்கின்றது. ஒருமுறை சுட்டபின்னும் அக்கூடு பயனற்றுப் போவதில்லை. தக்கவாறு செப்பஞ் செய்யின் மீண்டும் மீண்டும் உதவும். இவ்வேலைக்கென மின்னாற் சுழலும் பொறிகள் இன்று பலவகையாக விற்கப்படுகின்றன. அவற்றுள் எதனை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஈண்டு ஒன்றை முதற்கண் தெளிவுறுத்தல் நம் கடன். இலங்கையில் துவக்கு வைத்திருத்தல் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தாலும், வெடிமருந்து வைத்திருத்தல் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தாலும் கட்டுப்படுத்தப்பட்டவை. அனுமதியின்றி வீட்டில் தோட்டா நிரப்ப முயல்வது இங்கே குற்றமாகும். அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலோ, குறிபார்த்துச் சுடும் கழகத்தார் தத்தம் நாட்டுச் சட்டத்துக்கு அமைய இதனைச் செய்து வருகின்றனர். கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்க்கு இது நேரே பயன்படக்கூடும். இங்கிருக்கும் மாணவர்க்கோ, ஓர் உலோகத்தின் இயல்பறிந்து அதற்கேற்ற பொறியைத் தெரிதல் எங்ஙனம் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைத்தல் அரிது.

தாளிலிருந்து பித்தளைக்கு

ஆதியில் தோட்டாவின் கூடு தாளாலானது. 1857 ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கிளர்ச்சியைத் தூண்டிய கொழுப்புத் தடவிய தோட்டா அத்தகையதே. 1866 அளவில் எட்வேட் பொக்சர் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கூடு அமைத்தார். பின்வந்த மாட்டினி-ஹென்றி ரைபிளும் சுருட்டிய கூட்டையே கொண்டிருந்தது. 1885 ஆம் ஆண்டு சனவரியிற் சூடான் நாட்டு அபூ கிளியாப் போரில், வெப்பத்தாலும் மணலாலும் அக்கூடுகள் குழலறையில் இறுகிக் கிழிந்தன. துவக்குகள் வாயடைத்து நின்றன. ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்துச் செய்யப்பட்ட கூடே அதன்பின் நிலைபெற்றது.

கூட்டின் அடியிலே தீ மூட்டுவதற்கென ஒரு சிறு கேப் உண்டு. அது பொருந்தும் முறை இரு வகைப்படும். பொக்சர் முறையிற் குழியின் நடுவில் ஒரே துளை இருக்கும். ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய கேப்பை எளிதில் தள்ளிவிடலாம். அமெரிக்கராகிய ஹைரம் பேர்டன் வகுத்த முறையிலோ நடுவிற் பித்தளை முளையும் அதன் பக்கத்தே இரு நுண்டுளைகளும் அமைந்திருக்கும். ஊசி அங்கே செல்லாது. ஆங்கிலேயர் வகுத்த முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் வகுத்த முறை ஐரோப்பாவிலும் பெருவழக்காயின என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. பொறி வாங்க எண்ணுவோர் தம்மிடமுள்ள கூடு எம்முறையினது என்பதை முதலில் நோக்கவேண்டும். இன்று விற்கப்படும் பொறிகளின் கேப் குழிக் கருவிகள் பெரும்பாலும் பொக்சர் முறைக்கே ஆனவை.

பித்தளை படும் பாடு

தோட்டாக் கூட்டுக்குரிய பித்தளை நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்தது. இவ்வளவிற் கலந்த பித்தளை கிழியாமல் நன்கு நீளும் இயல்பினது. வட்டமான தகடு முதலிற் கிண்ணமாக அழுத்தப்பட்டுப் பின் படிப்படியாகக் குழலாக இழுக்கப்படும். ஒவ்வோர் இழுப்பிலும் அது விறைத்துப்போகும். மேலும் இழுத்தால் வெடிக்கும். ஆதலின் இடையிடையே காய்ச்சி இளக்குவர். நம் கன்னார் பாத்திரம் அடிக்குங்கால் இடையிடையே உலையில் வைத்து எடுப்பதும் இதன் பொருட்டே.

ஈற்றில் கூட்டின் அடி வன்மையாகவும், வாய் மென்மையாகவும் அமையும். காவற்றுறையினர் கையிற் பல்லாண்டு விளங்கிய .303 ரைபிளைச் சுடும்போது ஒரு சதுர அங்குலத்தின்மீது 40,000 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் எழுகின்றது. லொறிச் சில்லொன்றினுள் இருக்கும் காற்றமுக்கத்தைப் போல் இது ஏறக்குறைய நானூறு மடங்கு. அக்கணத்தில் மெல்லிய வாய் விரிந்து குழலறைச் சுவரோடு ஒட்டி வாயுவைப் பின்வர விடாது அடைக்கின்றது. அமுக்கம் தணிந்ததும் சிறிது சுருங்கி வெளிவர இசைகின்றது. வன்மையான அடி கேப்பை இறுகப் பற்றி நிற்கின்றது.

சுட்ட கூடோ முன்போல் இராது. அது பருத்திருக்கும், அச்சினுட் செலுத்தி மீண்டும் பழைய அளவுக்கு ஒடுக்குவர். ஒடுக்குந்தோறும் பித்தளை முன்னோக்கி நகர்ந்து கூடு நீளும். நீண்ட வாய் குழலின் தொடக்கத்தில் முட்டிக் குண்டை நெருக்குமாயின் அமுக்கம் எல்லை கடந்துவிடும். ஆகவே நீளத்தை வெட்டுதல், வெட்டிய வாயின் பிசிறை நீக்கி உள்விளிம்பைச் சற்றுச் சரித்தல், கேப் குழியின் கரியைச் சுரண்டுதல், கழுத்தின் உட்புறத்தைத் துலக்குதல், விறைத்த கழுத்தைக் காய்ச்சி இளக்குதல் ஆகியன செப்பஞ் செய்தலின் அங்கங்களாம்.

எப்பொறியைத் தெரிவது?

வேலையின் அளவே முதலில் எண்ணத்தக்கது. மாதம் ஐம்பது கூடுகளைச் செப்பஞ் செய்வோர்க்குக் கைக்கருவிகளே போதும். நூற்றுக்கணக்கிற் செய்வோர்க்கே மின்பொறி வேண்டும். ஒரே அசைவைப் பன்னூறு முறை திருப்பிச் செய்தலால் மணிக்கட்டு நோகும்; கை சோர்ந்தால் வேலையும் சோரும். மின்பொறியின் உண்மைப் பயன் விரைவன்று. நூறாவது கூடும் முதலாவது கூட்டைப் போன்று அமைவதேயாம்.

அடுத்து, பொறியின் வகை. ஒரே மோட்டாரால் ஐந்தாறு தலைகள் சுழலும் பொறி ஒரு வகை. பிசிறு நீக்கி, குழி சுரண்டி, தூரிகை முதலியவற்றைத் தலைக்கொன்றாகப் பொருத்திக் கூட்டைக் கையாற் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்லலாம். இங்கே ஆழத்தை அறுதியிடுவது பெரும்பாலும் கையின் அழுத்தமே. ஆதலின் துலக்குதல், பிசிறு நீக்கல் ஆகியவற்றுக்கு இது சாலும். நீளம் வெட்டுதற்கோ, கூட்டின் அடியை அல்லது தோளைத் தடையாகக் கொண்டு அளவு தவறாது நிற்கும் பொறியே வேண்டும். வெட்டல், வெளிப்பிசிறு நீக்கல், உள்விளிம்பு சரித்தல் என்னும் மூன்றையும் ஒருங்கே முடிக்கும் முத்திற வெட்டியுடைய பொறிகளும் உள. அவை விலை மிக்கவை.

அளவின் நுண்மையை ஓர் உதாரணத்தால் உணரலாம். .308 ரைபிளின் கூடு கொள்ளத்தக்க உச்ச நீளம் 2.015 அங்குலம்; வெட்டி நிறுத்தும் நீளம் 2.005 அங்குலம். இடைவெளி ஓர் அங்குலத்தின் நூற்றிலொரு பங்கு மாத்திரமே. ஆகவே மின்பொறிக்கு முன்பாக வாங்கவேண்டியது ஒரு நல்ல வேணியர் இடுக்கிமானி. அளவுகோல் இல்லாதவன் கையிற் பொறி இருத்தல் பிழையை விரைவாகச் செய்தற்கே உதவும்.

மூன்றாவது, சுழற்சி. மெல்லச் சுழன்று வலுவாக இழுக்கும் மோட்டாரே நன்று. மிகு வேகத்தில் வெட்டி துள்ளும். வாய் அலையலையாகக் கிழியும். சுழலும் தலை அச்சு விலகி ஆடுகின்றதா என்பதையும் வாங்குமுன் ஓடவிட்டு நோக்கவேண்டும். ஆடுமாயின் வாயின் ஒருபுறம் மெலிந்து மறுபுறம் தடிக்கும். உள்விளிம்பைச் சரிப்பது குண்டு தடையின்றி நுழைதற்கே. கத்திமுனை போலாகும்வரை சீவுதல் தவறு. குழியை மிகைபடச் சுரண்டுவதும் அடியின் வலிமையைக் குறைக்கும்.

நான்காவது, மின்சாரமும் உதிரிப்பாகமும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். இலங்கையிலும் இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 230 வோல்ற். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு எந்தப் பொறியை அனுப்பினாலும் இதனை மறத்தலாகாது. கல்லூரித் தொழிற்கூடத்துக்குப் பொறி அன்பளிப்புச் செய்ய விழைவோர்க்கும் இது பொருந்தும். வெட்டியின் அலகு மழுங்கினால் மாற்று அலகு கிடைக்குமா என்பதையும் விசாரித்தல் வேண்டும். அமெரிக்காவில் 1878 இல் தோன்றிய லைமன், 1943 இல் தோன்றிய ஆர்.சி.பி.எஸ். முதலிய நிறுவனங்கள் இவ்வகைப் பொறிகளால் பெயர் பெற்றவை. எனினும் பெயரைக் கேட்டு வாங்குவதினும் வினையை நோக்கி வாங்குவதே மேல்.

ஐந்தாவது, உடல்நலம். கேப்பிலுள்ள மருந்திற் பெரும்பாலும் ஈயச் சேர்வை உண்டு. சுட்ட கூட்டின் கரியிலும் அது தங்கும். உலர்ந்த உமிபோன்ற துகளில் இட்டுக் குலுக்கித் துலக்கும் பொறி தூசு எழுப்பும். நீரிலிட்டு உருட்டும் பொறி தூசை அடக்கும். சிறுவர் உள்ள வீட்டார் பின்னையதையே கொள்ளுதல் தக்கது. ஈய நீரைக் கிணற்றருகே ஊற்றலாகாது. உணவுண்ணும் அறையில் இவ்வேலை ஆகாது. முடிந்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும். சுழலும் தலையருகே கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் ஆகா, கண்ணாடி அணியவேண்டும்.

காய்ச்சுதற்கும் வாயுச் சுவாலைப் பொறி, மின்காந்தத் தூண்டற் பொறி என இருவகை உள. கழுத்தை மாத்திரம் சில நொடிகளே சூடாக்கும் ஒழுங்கு எதில் உறுதியாக உண்டோ அதுவே நல்லது. வெப்பம் அடிவரை சென்று அங்கும் இளக்கிவிடின் அக்கூடு கேட்டுக்குரியது. உடனே நசுக்கி எறிதல் வேண்டும்.

மழைக்கால வெடிப்பு

இனி, எந்தப் பொறியாலும் தீர்க்கவியலாத ஒரு தீங்கைக் காண்போம். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிற் சேமித்து வைக்கப்பட்ட தோட்டாக் கூடுகள் மழைக்காலத்திற் சுடாமலே வெடித்துப் பிளந்தன. பருவத்தை ஒட்டி நேர்ந்தமையின் இதனைப் பருவ வெடிப்பு என்றனர். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் ஆராய்ந்து 1921 இல் இதனை விளக்கினர். குதிரைலாயங்களிற் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, மழைக்கால ஈரத்தோடு கூடிப் பித்தளையைத் தாக்கியது. ஆயினும் அமோனியா மாத்திரம் காரணமன்று. இழுத்தும் ஒடுக்கியும் உருவாக்கியபோது உலோகத்துள் அடங்கி நின்ற இழுவிசையே அதற்கு வழி திறந்தது. மென்மையாகக் காய்ச்சி அவ்விசையைத் தணித்தபின் வெடிப்பு நீங்கியது.

இச்செய்தி ஆலங்குடாவில் வாழும் நமக்கு அயலதன்று. மேற்கே கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ்ந்த இக்கற்பிட்டிக் குடாநாட்டில் ஈரமும் உப்புக்காற்றும் ஓய்வதில்லை. மீன் அழுகுமிடத்தும், ஆட்டுப்பட்டியிலும், தோட்டத்துக்கிட்ட கோழியெருவிலும் அமோனியா எழுகின்றது. அவற்றின் அருகே வைத்த பித்தளைக் குழாய்முனையும் விளக்கின் தண்டும் காரணமின்றி வெடித்தாற் போலத் தோன்றுவதற்கு இது காரணமாகலாம். கடைகளில் விற்கும் பித்தளை மெருகெண்ணெய்களிற் சிலவற்றில் அமோனியா கலந்துள்ளது. அவற்றைத் தோட்டாக் கூட்டுக்கு ஒருபோதும் பூசலாகாது. நம் அன்னையர் பழப்புளியிட்டுத் துலக்கி, நீரிற் கழுவி, துடைத்து உலர்த்தும் முறை இத்தீங்கு அற்றது. பித்தளையிற் செந்நிறத் திட்டுகள் தோன்றின் நாகம் கரைந்து வெளியேறுகின்றது என்று அறிக.

பொறி காணாதது

ஒடுக்கி ஒடுக்கிப் பயன்படுத்திய கூட்டின் அடிக்குச் சற்று மேலே உட்சுவர் மெலியும். .303 கூடுகளில் இக்குறை பெயர்பெற்றது. வெளியே மின்னும் ஒரு வளையக் கோடாகவும், உள்ளே கம்பியை வளைத்துத் தடவினாற் சிறு பள்ளமாகவும் அது தோன்றும். அதனைக் கவனியாது மீண்டும் சுட்டாற் கூடு இரண்டாக அறுந்து, கொதிக்கும் வாயு சுடுவோன் முகத்துக்கே திரும்பக்கூடும். நீளத்தை நுட்பமாக வெட்டிய பொறி, வாயை வழுவழுப்பாக்கிய பொறி, இம்மெலிவைக் காணாது. மெலிந்த கூட்டையும் அது நல்ல கூட்டைப் போலவே அழகுபடுத்தித் தரும். கண்டு விலக்க வேண்டியது கண்ணும் விரலுமே.

ஆகவே மின்பொறியைத் தெரிவு செய்வோர்க்கு நாம் கூறத்தக்கது இதுவே: கை சோர்ந்து வழுவும் வேலையைப் பொறிக்குக் கொடுங்கள், நன்று தீது அறியும் வேலையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு செய்கின்றது என்று பொறியை வினவுமுன், உலோகம் எவ்வளவு தாங்கும் என்று வினவுங்கள். தொழிற்கூடத்திற் கடைசற் பொறியின் முன் நிற்கும் மாணவனுக்கும், விளக்கு மெருகிடும் தொழிலாளிக்கும், தூரதேசத்தில் ஓய்வு நேரத்தைக் குறிபார்த்தலிற் கழிக்கும் பழைய மாணவர்க்கும் இது பொதுவான விதியாகும்.