பத்தாம் வகுப்புத் தேர்வில் பூனா ஒப்பந்தம்: 'தனித்தொகுதி' என்ற சொல் செய்யும் குழப்பம்

கடந்த திருப்புதல் தேர்வு முடிந்த வாரத்தில், எங்கள் மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி திருத்தப்பட்ட விடைத்தாளை எங்களிடம் நீட்டினாள். பூனா ஒப்பந்தத்தின் கூறுகளைக் கேட்ட ஐந்து மதிப்பெண் வினா அது. "பூனா ஒப்பந்தத்தின் மூலம் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனித்தொகுதிகள் கிடைத்தன" என்று அவள் தொடங்கியிருந்தாள். அந்த வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் "தவறு. தனித்தொகுதி கைவிடப்பட்டது" என்று எழுதப்பட்டிருந்தது. அவள் கேட்டது நியாயமான கேள்வி: "அக்கா, எங்க தொகுதியே தனித்தொகுதிதானே? எலக்‌ஷன் நேரத்துல பேப்பர்ல எல்லாம் அடைப்புக்குறிக்குள்ள 'தனி'ன்னு போடுறாங்களே?"

ஆசிரியர் திருத்தியது சரி. மாணவி சொன்னதும் சரி. பிழை எங்கே இருக்கிறது என்றால், தமிழில் நாம் ஒரே சொல்லை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு ஏற்பாடுகளுக்குப் பயன்படுத்தி வருவதில் இருக்கிறது. பொதுத்தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் இந்த இடத்தில் இழப்பது ஓரிரு மதிப்பெண்கள்தாம். ஆனால் தங்கள் சொந்த அரசியல் உரிமை எப்படி வடிவம் பெற்றது என்ற செய்தியும் அதே இடத்தில் அவர்கள் கையை விட்டு நழுவிப் போகிறது. ஆகவே இதைச் சற்று விரித்துப் பேசுவோம்.

வரலாற்றுப் பாடத்தில் 'தனித்தொகுதி' என்று வருவது தனி வாக்காளர் தொகுதி. அதாவது, குறிப்பிட்ட வகுப்பைச் சேர்ந்த வேட்பாளருக்கு அதே வகுப்பைச் சேர்ந்த வாக்காளர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். 1909ஆம் ஆண்டின் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்கு அளித்தது இதைத்தான். 1916இல் லக்னோ ஒப்பந்தத்தில் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டதும் இதைத்தான். செய்தித்தாளில் 'விழுப்புரம் (தனி)', 'சிதம்பரம் (தனி)' என்று வருவதோ ஒதுக்கப்பட்ட தொகுதி. அங்கே வேட்பாளர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். வாக்களிப்பவர்கள் அத்தொகுதியின் எல்லாச் சாதியினரும். முதலாவதில் யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தனி. இரண்டாவதில் யார் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பது மட்டுமே தனி. பூனா ஒப்பந்தம் என்பது முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதை ஏற்ற நிகழ்வு. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு இந்த வினாவில் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

தேர்வில் 'தனித்தொகுதி' என்ற சொல்லைத் தனியே எழுதவே வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை. 'தனி வாக்காளர் தொகுதி' என்றும் 'ஒதுக்கப்பட்ட தொகுதி' என்றும் முழுமையாக எழுதினால் திருத்துபவருக்கும் ஐயம் எழாது.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 1930–31இல் லண்டனில் நடந்த முதல் இரண்டு வட்டமேசை மாநாடுகளில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகளாக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் கலந்துகொண்டனர். இரண்டாவது மாநாட்டில் காந்தி காங்கிரசின் சார்பில் பங்கேற்றார். பிரதிநிதித்துவம் குறித்து அங்கே உடன்பாடு எட்டப்படவில்லை. 1932 ஆகஸ்ட் 16 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். முஸ்லிம்கள், சீக்கியர்கள், இந்தியக் கிறித்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், ஐரோப்பியர்கள் ஆகியோருக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் அதில் இருந்தன. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கும் இருந்தன. எரவாடா சிறையில் இருந்த காந்தி, கடைசியாகச் சொன்ன ஒன்றை மட்டும் எதிர்த்து செப்டம்பர் 20 அன்று சாகும்வரை உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். இந்தச் 'மட்டும்' என்ற சொல்லை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதி அளிப்பது இந்து சமூகத்தைப் பிளந்துவிடும் என்பது அவருடைய வாதம். 1931 நவம்பரில் லண்டனிலேயே, தம் உயிரைக் கொடுத்தாவது எதிர்ப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். செப்டம்பர் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டிஷ் அரசு அதை ஏற்றபின், 26 அன்று உண்ணாவிரதம் முடிந்தது.

வகுப்புவாரித் தீர்ப்பில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு என்ன இருந்தது என்பதைப் பெரும்பாலான வழிகாட்டி நூல்கள் ஒரு வரியில் கடந்து விடுகின்றன. அதில் இருந்தது இரட்டை வாக்கு. தம்மவரைத் தாமே தேர்ந்தெடுக்க ஒரு வாக்கு. பொதுத்தொகுதியில் மற்றவர்களோடு சேர்ந்து வாக்களிக்க இன்னொரு வாக்கு. இந்தச் சிறப்பு ஏற்பாடு 20 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படாது என்பது அரசின் கருத்து. அந்த இரண்டாவது வாக்கைத்தான் அம்பேத்கர் விலைமதிப்பற்றதாகக் கருதினார். ஏனெனில் பொதுத்தொகுதியில் நிற்கும் சாதி இந்து வேட்பாளரும் சேரி மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தாக வேண்டும். அவர்களைப் பகைத்துக்கொள்ளத் தயங்குவார். ஒப்பந்தத்தில் தொகுதிகளின் எண்ணிக்கை 71இலிருந்து 148ஆக உயர்ந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. தேர்வில் அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் எண்ணிக்கை கூடியபோது வாக்கின் தன்மை மாறியது என்பதையும் சேர்த்துப் படிக்காவிட்டால், 'இரு மடங்கு லாபம்' என்ற கணக்கோடு மாணவர் வெளியேறுகிறார்.

ஒப்பந்தத்தின் மூலம் மிகச் சிறியது. மொத்தம் ஒன்பது பிரிவுகள். வகுப்பறையில் அரை மணி நேரத்தில் வாசித்து முடிக்கலாம். எந்தப் பள்ளியிலும் அதை வாசித்ததாக எங்கள் மாணவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. முதல் பிரிவு மாகாணவாரியாக இடங்களைப் பகிர்கிறது: சென்னை 30, வங்காளம் 30, ஐக்கிய மாகாணம் 20, மத்திய மாகாணம் 20, பீகார்–ஒரிசா 18, சிந்து உள்ளிட்ட பம்பாய் 15, பஞ்சாப் 8, அசாம் 7. கூட்டிப் பாருங்கள், 148 வரும். மத்தியச் சட்டமன்றத்தில் பிரிட்டிஷ் இந்தியாவுக்குரிய பொது இடங்களில் 18 விழுக்காடு என்பது நான்காம் பிரிவு. இவை இரண்டும் விடைக்குறிப்பில் இருக்கும்.

விடைக்குறிப்பில் பெரும்பாலும் இல்லாதது இரண்டாம் பிரிவு. அதன்படி, ஒதுக்கப்பட்ட தொகுதி ஒவ்வொன்றிலும் தேர்தல் இரண்டு கட்டங்களாக நடக்கும். முதற்கட்டத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் கூடி, தம்மிலிருந்து நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த நால்வருள் ஒருவரைத் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் தேர்ந்தெடுப்பார்கள். தனி வாக்காளர் தொகுதியின் சிறு எச்சம் இது. ஆனால் முதற்கட்டத்தில் பெரும் ஆதரவோடு முதலிடம் பெற்றவர், இரண்டாம் கட்டத்தில் நான்காம் இடம் பெற்றவரிடம் தோற்க முடியும். பொதுவாக்காளர்களில் பெரும்பான்மையினர் யாரை விரும்புகிறார்களோ அவரே சட்டமன்றம் செல்வார். 1946 தேர்தலின் முதற்கட்ட முடிவுகளைக் காட்டி அம்பேத்கர் வாதிட்டதும் இதையே. இம்முறையும் முதல் 10 ஆண்டுகளுக்கு மட்டும் என்று ஐந்தாம் பிரிவு சொன்னது. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு இம்முறையைத் தொடரவில்லை. கூறு 325 அனைவருக்கும் ஒரே பொது வாக்காளர் பட்டியல் என்கிறது; கூறுகள் 330, 332 இடங்களை ஒதுக்குகின்றன. இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 44, பட்டியல் பழங்குடியினருக்கு 2. அந்த 44 பேரும் யாருடைய வாக்கை நம்பி நிற்கிறார்கள், வன்கொடுமை நிகழும்போது அவர்களில் பலர் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்கும் கல்லூரி மாணவர்கள் இந்த இரண்டாம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும்.

கையெழுத்து பற்றியும் ஒரு செய்தி. 'காந்திக்கும் அம்பேத்கருக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தம்' என்று எழுதுவது வழக்கமாகி விட்டது. ஒப்பந்தத்தில் காந்தியின் கையெழுத்து இல்லை. சாதி இந்துக்கள் தரப்பில் மதன் மோகன் மாளவியா, இராஜகோபாலாச்சாரி முதலியோர் ஒப்பமிட்டனர். ஒடுக்கப்பட்ட வகுப்பினர் தரப்பில் அம்பேத்கரோடு இரட்டைமலை சீனிவாசனாரும் எம்.சி. ராஜாவும் ஒப்பமிட்டனர். எம்.சி. ராஜா அதே ஆண்டின் தொடக்கத்தில் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு, கூட்டு வாக்காளர் தொகுதியை ஏற்று ஓர் உடன்பாடு செய்திருந்தவர். தமிழகத்தின் இரு முன்னோடிகளும் எதிரெதிர் நிலைகளிலிருந்து வந்து ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். இருவரையும் தனித்தனிப் பாடத்தில் பிறந்த ஊர், பிறந்த ஆண்டு என்று மட்டும் படித்துவிட்டு, பூனா ஒப்பந்தத்தோடு இணைக்காமல் விட்டு விடுகிறோம்.

'ஹரிஜனங்களுக்கு 148 இடங்கள்' என்று எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். இதற்கு முதற்காரணம் தன்மானம். காலவரிசையும் ஒரு காரணம்: ஒப்பந்தத்தில் இருக்கும் சொல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதே. ஹரிஜன் இதழ் தொடங்கப்பட்டது 1933 பிப்ரவரியில்.

சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேர்வில் எழுதுவதற்கு அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் பிரிவு 15 'வற்புறுத்தல்' என்பதை வரையறுக்கிறது. ஒருவர் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டி மனைவியிடமும் மகனிடமும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிய வழக்கில், அம்மிரட்டலும் வற்புறுத்தலே என்று சென்னை உயர்நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அது 1917ஆம் ஆண்டின் தீர்ப்பு. பூனா ஒப்பந்தத்துக்கு 15 ஆண்டுகள் முந்தையது. பூனா ஒப்பந்தம் ஓர் அரசியல் உடன்பாடு. ஒப்பந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. ஆயினும் காந்தி இறந்தால் ஊர்தோறும் சேரிகளுக்கு என்ன நேரும் என்ற அச்சத்தின் நடுவில் அம்பேத்கர் அந்த மேசைக்கு வந்தார் என்பதை, முதலாண்டுச் சட்ட மாணவரும் அந்த வழக்கைப் படிக்கும்போது நினைத்துப் பார்க்கலாம்.

சரி, விடையை எப்படி எழுதுவது? மதிப்பெண் விடைக்குறிப்பின் படியே கிடைக்கும். அதோடு சண்டையிட்டுப் பயனில்லை. எங்கள் மாணவர்களிடம் நாங்கள் எழுதச் சொல்லும் வடிவம் ஏறக்குறைய இது. 1932 ஆகஸ்ட் 16இல் அறிவிக்கப்பட்ட வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதி அளித்தது. அதை எதிர்த்துக் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, ஒதுக்கப்பட்ட இடங்களுடன் கூட்டு வாக்காளர் தொகுதி ஏற்கப்பட்டது. மாகாணங்களில் இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. மத்தியச் சட்டமன்றத்தில் 18 விழுக்காடு. இதுவரை எழுதினால் குறிப்பில் உள்ளது முடிந்தது. அதற்குப் பின் இரண்டு வரிகளில் நால்வர் பட்டியல் முறையையும் கல்வி பற்றிய ஒன்பதாம் பிரிவையும் சேர்க்கலாம். சரியான கூடுதல் செய்திக்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. காலக்கோடு வரையும் வினாவில் 1932 வந்தால் ஆண்டோடு நிறுத்தாமல் மாதத்தையும் குறிக்கலாம். தீர்ப்பு முதலில், ஒப்பந்தம் பின்னால் என்ற வரிசை அதனால் மனத்தில் நிற்கும். பின்னாளில் டி.என்.பி.எஸ்.சி. எழுதும்போதும் இதே தேதிகள்தாம் திரும்பி வரும்.

ஒன்பதாம் பிரிவைக் கடைசிக்கு வைத்தோம். எட்டாம் பிரிவு, உள்ளாட்சித் தேர்தல்களிலும் அரசுப் பணியிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதற்காக யாருக்கும் தடை இருக்கக்கூடாது என்கிறது. அரசுப் பணிக்கு உரிய கல்வித் தகுதி வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அடுத்த பிரிவு, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்வி வசதிக்காகப் போதிய தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. பட்டியல் சாதியினரின் கல்வி நலனை அரசு சிறப்புக் கவனத்தோடு பேண வேண்டும் என்று இன்றைய அரசியலமைப்பின் கூறு 46 சொல்கிறது. அதற்கு முன்பே இந்தக் கோரிக்கை எரவாடாவில் எழுதப்பட்டு விட்டது. உதவித்தொகை என்பது அரசின் கருணை என்று எண்ணிக் கூசும் பிள்ளைகளிடம் இந்தப் பிரிவைக் காட்டுவதை நாங்கள் வழக்கமாக வைத்திருக்கிறோம்.

விடைத்தாளைக் கொண்டுவந்த மாணவியிடமும் காட்டினோம். இருமுறை வாசித்துவிட்டு அவள் கேட்டாள்: "போதிய தொகைன்னா எவ்வளவுக்கா?"

மூலத்தில் எண் எதுவும் குறிக்கப்படவில்லை என்று சொன்னோம். "148ன்னு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இதை எழுதத் தெரியலையா?" என்றாள். அடுத்த திருப்புதல் தேர்வுக்கு அவள் ஒன்பதாம் பிரிவையும் சேர்த்து எழுதினாள்.