குப்பையோடு சாவிக்கொத்தும் போச்சு!

“மைனி, என்னதான் செஞ்சிய?”

“நான் ஒண்ணும் செய்யல்ல மக்களே. குப்பை கெடக்கு, குப்பை கெடக்குன்னு அந்தப் பெட்டி மூணு நாளாச் சொல்லிச்சு. ஒரே தூத்தாத் தூத்து வாரிட்டேன். தூத்தது தப்பா?”

தூத்தது தப்பே இல்லை, சகோதரிகளே. குப்பையோடு வேறு எதை வாரினார் என்பதில்தான் வினை வந்தது.

பூதப்பாண்டியில் இருக்கிறது என் அண்ணன் வீடு. அண்ணனுக்கு சவூதியில் வேலை. இரண்டு பெண்பிள்ளைகளையும் வயசான என் அம்மாவையும் பார்த்துக்கொண்டு, நேந்திரங்காய் வத்தல் போட்டு நாலு வீட்டுக்கு விற்று, குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறவர் மைனி. கரண்ட் பில், காஸ் பதிவு, வீட்டு வரி, எல்லாம் அவர் கையால்தான். மூத்தவள் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி ஒன்று வீட்டில் உண்டு. வயசாகி விட்டதால் அது ஆமை வேகம். ஒருநாள் திரையின் மூலையில் ஒரு விளம்பரம் குதித்தது. “உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான பிழைகள்! இலவசமாகச் சுத்தம் செய்யுங்கள்!” மைனி அதை இறக்கினார். கட்டம் கட்டமாக வந்த பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினார். மூன்று நிமிஷத்தில் சுத்தம்!

அன்று சாயங்காலம் இளையவள் வந்து உட்கார்ந்தாள். பொறியியல் கலந்தாய்வில் அவளுக்கு விருப்பப் பட்டியல் போடும் முறை வந்திருந்தது. கையில் இருந்ததே மூன்று நாள் அவகாசம். அதில் ஒரு நாள் போய்விட்டது. பக்கத்தைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. இத்தனை நாளும் கேட்காமல் தானாகவே திறந்த கதவு! பாஸ்வேர்டு என்ன? யாருக்கும் ஞாபகம் இல்லை. மறந்துவிட்டது என்று சொன்னால் ஈமெயிலுக்கு அனுப்புகிறேன் என்கிறது. ஈமெயிலும் பூட்டிக் கிடக்கிறது; அதன் சாவியும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. இனி போனுக்கு வரும் ஓடிபி எண்தான் கதி. பதிவு செய்தபோது கொடுத்திருந்ததோ அண்ணனுடைய நம்பர். அண்ணனோ இரவு ஷிப்டில். வேலை இடத்துக்குள் போன் கொண்டு போகக்கூடாது.

அந்த ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் அண்ணன் போனை எடுத்து எண்ணைப் படிக்கப் படிக்க, இவள் தட்டத் தட்ட, இரண்டு தடவை நேரம் தப்பிப் போய், மூன்றாவது தடவை கதவு திறந்தது. பட்டியல் போட்டு முடித்தபோது மைனி அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதார். “ஒரு வருசப் படிப்பை நான் வாரிக் குப்பையில போட்டிருப்பேனே மக்களே!”

இந்த நிலை நம்மில் எவருக்கும் வரலாம். ஆகவே, கம்ப்யூட்டருக்குள் இருப்பதில் எது குப்பை, எது குப்பை இல்லை என்று தெரிந்துகொள்வோம்.

அஞ்சறைப் பெட்டியும் சாவிக்கொத்தும்

இணையப் பக்கங்களை நமக்குத் திறந்து காட்டும் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றுக்கு பிரௌசர் என்று பெயர். ஒரு பக்கத்தைப் பார்த்ததும் அதிலுள்ள படங்களையும் அலங்காரங்களையும் அது தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். இதற்குத்தான் கேஷ் என்று பெயர். (“கேஷைக் கழிக்கணும்னா? வத்தல் வித்த கேஷையா?” என்று மைனி கேட்டது நல்ல கேள்வி. உச்சரிப்பு ஒன்றுதான், பொருள் வேறு.)

தாளிக்கும்போதெல்லாம் கடுகுக்கு மளிகைக் கடைக்கு ஓடுகிறோமா? அடுப்புப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம் வைத்துக்கொள்கிறோம். கேஷும் அப்படித்தான். அடுத்த தடவை அதே பக்கம் சீக்கிரம் திறக்கும். நெட் டேட்டாவும் மிச்சம். கடுகு பழசானால் கொட்டிக் கழுவிப் புதுசு போடலாம். நஷ்டம் ஒன்றுமில்லை.

குக்கி என்பது வேறு. கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்களே, அதுபோல. “இன்னார் ஏற்கெனவே உள்ளே வந்தவர்” என்று அந்தத் தளம் நம்மை அடையாளம் காண்பது இதைக் கொண்டுதான். இதை அழித்தால் ஒவ்வொரு இடத்திலும் மறுபடி பாஸ்வேர்டு கொடுத்து நுழைய வேண்டும்.

சேமித்த பாஸ்வேர்டு இருக்கிறதே, அது சாவிக்கொத்தேதான். இது எந்தக் காலத்திலும் குப்பை ஆகாது. ஆனால் சுத்தம் செய்யும் மென்பொருள்களின் பட்டியலில் இவை எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டம் கட்டி நிற்கும். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் டிக் போட்டால், பழைய கடுகோடு சாவிக்கொத்தும் போகும். மைனிக்கு நடந்தது இதுதான்.

இலவச வாரியல் யார் தருவது?

சுத்தம் செய்யும் மென்பொருள்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பின் தெரியாதவர் வாசலில் வந்து “உள்ளே விடுங்கள், வீட்டைச் சும்மாவே பெருக்கித் தருகிறேன்” என்றால் விடுவோமா?

உலகத்தில் பேர்பெற்றது சீ-கிளீனர். லண்டனைச் சேர்ந்த பிரிஃபார்ம் என்ற நிறுவனம் 2004-ல் வெளியிட்டது. 2017 ஜூலையில் அவாஸ்ட் என்ற நிறுவனம் பிரிஃபார்மை வாங்கியது. அந்த ஆகஸ்டில், யாரோ திருடர்கள் சீ-கிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே தங்கள் சரக்கை மறைத்து வைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை, நிறுவனத்தின் சொந்த முத்திரையோடு, அதன் சொந்த இடத்திலிருந்தே அது ஜனங்களுக்குப் போயிற்று. சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் அது ஏறியிருந்தது. திருடர்கள் குறிவைத்தது பெரிய கம்பெனிகளை. விஷயம் தெரிந்ததும் நிறுவனம் சரிசெய்த பதிப்பைக் கொடுத்தது. ஆனாலும் வாரியலுக்குள்ளேயே தேள் இருந்தது உண்மை!

இன்னொரு விஷயம் கேளுங்கள். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடையில் கம்ப்யூட்டரை இலவசமாகச் சோதித்துத் தந்தார்கள். முதலில் நாலு கேள்வி. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, விளம்பரம் குதிக்கிறதா என்பது போல. இதில் ஒன்றுக்கு ஆமாம் என்று டிக் போட்டாலே, உள்ளே என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோய் அறிகுறி இருப்பதாக முடிவு காட்டியது. அதை வைத்து ரிப்பேர்ச் சேவையை விற்றார்கள் என்பது அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019-ல் அந்தக் கடையும் மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன.

நம் நாட்டிலும் “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்” என்று பயமுறுத்திப் பணம் பறிக்கும் போலி கால் சென்டர்கள் உண்டு. 2023 அக்டோபரில் சிபிஐ பல மாநிலங்களில் சோதனை போட்டபோது இப்படிப்பட்ட கூட்டங்களும் அதில் இருந்தன. ஆகவே திரையில் குதித்து வந்து பயமுறுத்தும் எதையும் தொடாதீர்கள். அதில் உள்ள நம்பருக்குப் போனும் செய்யாதீர்கள்.

ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லும் மென்பொருள்களை விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எப்போது கழிக்க வேண்டும்?

வாராவாரம் கேஷைக் கழித்தால் வேகம் கூடும் என்பது தவறான எண்ணம். கழித்தவுடன் எல்லாப் பக்கமும் புதிதாக இறங்க வேண்டியிருப்பதால் முதல் தடவை மெதுவாகத்தான் திறக்கும்.

ஒரு பக்கம் பழைய விவரத்தையே காட்டுகிறதா? படங்கள் உடைந்து தெரிகிறதா? பாரத்தை நிரப்பினால் நகராமல் நிற்கிறதா? வட்டில் இடம் நிறைந்துவிட்டதா? அப்போது கழியுங்கள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் கோளாறு என்றால் கண்ட்ரோலும் எஃப்5-ம் சேர்த்து அழுத்தினாலே பெரும்பாலும் போதும்.

எப்படிச் செய்வது?

வெளியார் வாரியல் வேண்டாம். பிரௌசருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது.

1. பிரௌசரைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள்.

2. எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கும் இடத்தில் ‘ஆல் டைம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ‘எவ்ரிதிங்’ என்றிருக்கும்.

3. ‘கேஷ்டு’ என்ற சொல் வரும் வரிக்கு மட்டும் டிக் இருக்கட்டும். குக்கீஸ், பாஸ்வேர்ட்ஸ் என்று வரும் வரிகளில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

4. ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

வட்டில் இடம் போதவில்லை என்றால் விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ இருக்கும். அங்கேயும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி உண்டு. பிள்ளையின் ஹால் டிக்கெட்டும் சாதிச் சான்றிதழும் பட்டா நகலும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அதற்கு டிக் போடாதீர்கள்.

போனில் இரண்டு பொத்தான்கள்

ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு ஆப்புக்கும் ‘கிளியர் கேஷ்’ என்றும், ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்றும் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவதால் ஆபத்தில்லை. இரண்டாவது, அந்த ஆப்பைப் புதிதாக வாங்கினது போல ஆக்கிவிடும். வாட்ஸாப்பில் கை தவறி அதை அழுத்தினால், பேக்கப் எடுத்து வைக்காத பேச்சுகள் போயே போய்விடும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அனுப்பின குரல் செய்திகளைப் பொக்கிஷம் போல வைத்திருக்கிற வீடுகள் நம் ஜில்லாவில் எத்தனை!

சாவிக்கு மாற்றுச்சாவி

மைனி வீட்டில் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று அலமாரியில் துணிக்கடியில் இருக்கிறது. ஒவ்வொரு தளத்தின் பெயர், பயன்படுத்தும் பெயர், பாஸ்வேர்டு, எந்த போன் நம்பர், எந்த ஈமெயில் கொடுத்துப் பதிந்தோம், எல்லாம் மைனியின் கையெழுத்தில். வங்கியின் பின் நம்பரை மட்டும் அதில் எழுதவில்லை. அது மனசிலேயே இருக்க வேண்டியது. பிள்ளைகளின் விண்ணப்பங்களில், பகலில் எடுக்கக்கூடிய, வீட்டிலேயே இருக்கிற போன் நம்பரைக் கொடுப்பது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள்.

பயமுறுத்திப் பணம் பறித்துவிட்டார்கள் என்றால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டு.

இளையவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. போன வாரம் பூதப்பாண்டிக்குப் போயிருந்தபோது மடிக்கணினி மறுபடி ஏதோ முரண்டு பிடித்தது. மைனி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று விசையையும் அழுத்தினார். பட்டியல் வந்தது. முறத்தில் அரிசி பொறுக்குகிற மாதிரி வரி வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“இது கடுகு. போகட்டும். இது டோக்கன். இருக்கட்டும். இது சாவி. இதைத் தொட மாட்டேன். சரிதானா மக்களே?”

சரிதான் மைனி. நூற்றுக்கு நூறு சரி.