சக்கரமிருந்தும் ஓடாத வீடு

‘கேரவன்’ என்றதும் நம்மவர்க்குத் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியே நினைவுக்கு வரும். இங்கிலாந்துக் கடற்கரைகளிலோ அது உழைப்பாளிக் குடும்பங்கள் ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுக்கும் வீடு. அடியில் சக்கரங்கள் உண்டு. ஆயினும் நிறுத்திய இடத்தைவிட்டு நகர்வதில்லை.

சாமர்செட் பகுதியிலுள்ள பிரீன் என்னும் ஊரில் இவ்வண்டி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்கே கோடை நாளை வகுப்பது கடிகாரமன்று, ஓதமே. எதிரேயுள்ள பிரிஸ்டல் கால்வாயும் அதையடுத்த செவர்ன் கழிமுகமும் புனல்போல் உட்புறம் குறுகிச் செல்கின்றன. உள்ளே புகும் நீர் ஒடுங்கி உயர்வதால், கழிமுகத்தில் உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் இடையே 14 மீட்டர் வரை வேறுபாடு உண்டாகிறது. ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை நீர் ஏறும். வற்றும்போதோ கடல் வெகுதொலைவு பின்வாங்கிவிடும். எஞ்சிய சேற்றில் இறங்கிக் கடலைத் தேடிச் செல்வது உயிருக்கே ஆபத்து. ஆகவே மேட்டு மணலில் சாய்வு நாற்காலியை விரித்து, தேநீர் பருகி, நீர் திரும்பும்வரை சும்மா இருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கும் வெளிச்சமிருப்பதால் அவசரமுமில்லை.

இந்தச் சும்மா இருத்தலுக்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. முன்பு அந்நாட்டுக் கூலித் தொழிலாளர் பலருக்கு வேலையில்லாத வாரம் கூலியில்லாத வாரமே. விடுப்பெடுத்தால் அன்றைய கூலி போய்விடும் வீட்டில் பிறந்த எனக்கு, ஓதத்தினும் வியப்பளித்தது இதுதான். ஊதியத்துடன் கூடிய ஒரு வார விடுமுறைக்கு வழிசெய்த சட்டம் 1938-இல் நிறைவேறியது. மறு ஆண்டே போர் மூண்டது. பலர் கடற்கரைக்குப் புறப்பட 1945 கழிய வேண்டியிருந்தது.