காய்ச்சல் விட்டும் விடாத தலைவலி

காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்து நடமாடத் தொடங்கியதும் நோய் தீர்ந்தது என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் சில பிள்ளைகள் வாரங்கள் பல கழிந்த பின்னும் “தலை வலிக்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். உடம்பு சுடுவதில்லை, இரத்தப் பரிசோதனையிலும் குறை தெரிவதில்லை. பள்ளிக்கு வர மனமின்றிப் பாசாங்கு செய்வதாகப் பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். தோட்டப் பள்ளி ஆசிரியனாகிய நானும் ஒரு மாணவனை அவ்விதம் கடிந்துகொண்டதுண்டு. அது என் பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

இவ்வலி மெய்யானதே. தெலுக் பங்லிமா காராங் அமைந்துள்ள சிலாங்கூர் மாநிலத்தில் டிங்கிக் காய்ச்சல் நெடுநாளாக நிலைத்திருக்கும் நோய். 2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 நோயும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அந்நோய் நீங்கிய பின்னும் சோர்வும் தலைவலியும் விடாத பிள்ளைகளை மருத்துவர்கள் பல நாடுகளில் கண்டனர். தொற்றுக்கண்ட மூன்று மாதங்களுக்குள் தோன்றி, இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் இத்தகைய தொல்லைகளுக்கு, உலகச் சுகாதார நிறுவனம் 2023 பிப்ரவரியில் பிள்ளைகளுக்கென்றே தனி இலக்கணம் வகுத்தது.

இது முற்றிலும் புதியதன்று. திடீரென ஒரு நாள் தொடங்கி அன்றாடம் நீடிக்கும் தலைவலியை 1986-இலேயே வானாஸ்ட் என்னும் மருத்துவர் விவரித்தார். அவ்வலி தொடங்கிய நாளை நோயாளிகள் தெளிவாக நினைவில் வைத்திருப்பார்கள். பலருக்கு அது ஒரு காய்ச்சலை ஒட்டியே தொடங்கியிருக்கும்.

மூளைக்கு வலியை உணரும் ஆற்றல் இல்லை. அதன் உறைகளிலும் இரத்தக் குழாய்களிலும் உள்ள நரம்புகளே வலியை உணர்த்துகின்றன. கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் பொருள்கள் இந்நரம்புகளின் உணர்ச்சியை மிகுவிக்கின்றன. திருடன் ஓடிய பின்னும் இலை அசைந்தால் குரைக்கும் காவல் நாயைப் போல, சிலருக்கு இவ்வுணர்ச்சி அடங்க நாளாகிறது என்று மருத்துவர் கருதுகின்றனர். அப்போது பசி, தூக்கக் குறைவு, வெயில் ஆகியவைகூட வலியைத் தூண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை யாவை? வலி தொடங்கிய நாளையும், வந்து போகும் வேளையையும் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுக. பனடோல் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் கொடுக்கலாகாது. மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு மேல் விழுங்கினால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். காய்ச்சல் டிங்கியோ என்ற ஐயமிருப்பின் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் கூடவே கூடா. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். காலை உணவு, போதிய தண்ணீர், ஒழுங்கான உறக்கம் ஆகியவை மிக அவசியம். பதின்ம வயதினர்க்கு இரவில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும்.

பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டிலேயே நிறுத்துவதும் நன்றன்று. ஆசிரியரிடம் பேசி, முதலில் அரை நாள், பிறகு முழு நாள் என்று படிப்படியாகப் பள்ளிக்கு அனுப்பலாம்.

ஆயினும், விடியலில் வலியும் வாந்தியும், பார்வை இரட்டிப்பு, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, வலிப்பு, தடுமாற்றம், எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவனிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, “வீட்டுப்பாடம் எங்கே?” என்பதன்று, “உனக்குக் காய்ச்சல் வந்தது எப்போது?” என்பதேயாகும்.