பள்ளி மூடியிருந்தது, வாத்தியாருக்கு வேலை ஓயவில்லை

திருப்பதிக்கும் காளாஸ்திரிக்கும் நடுவே இருக்கும் ஏர்பேடு, திருப்பதி மக்களவைத் தொகுதியில் வருகிறது. அந்தத் தொகுதியின் எம்.பி. பல்லி துர்கா பிரசாத் ராவ் 2020 செப்டம்பரில் கொரோனா தொற்றிய நிலையில் இறந்தார். இடைத்தேர்தல் 2021 ஏப்ரல் 17 அன்று, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. நம் நாட்டில் தேர்தல் என்றாலே வாக்குச்சாவடிப் பணிக்கு முதலில் கூப்பிடுவது அரசுப் பள்ளி ஆசிரியர்களைத்தான். கொரோனா காலி செய்த இடத்தை நிரப்ப, கொரோனாவுக்கு நடுவிலேயே தேர்தல்.

பெருந்தொற்றில் ஆசிரியர்களின் மனம் ஏன் சோர்ந்தது என்று கேட்டால், பலரும் நோய் பயத்தைச் சொல்வார்கள். பயம் உண்மைதான். ஆனால் பயத்தைவிட அதிகமாக அரித்தது, நாளைக்கு என்ன வேலை வரும் என்று தெரியாத நிலை. 2020 மே மாதம் ஆந்திராவில் மதுக்கடைகள் திறந்தபோது, அனகாபள்ளியில் வரிசையை ஒழுங்குபடுத்த ஆசிரியர்களை நிறுத்தினார்கள். பாடம் நடத்தப் படித்தவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்?

பாடமோ தூர்தர்ஷன் சப்தகிரி சேனலுக்கும் செல்போனுக்கும் போய்விட்டது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன ஆனது என்ற கவலை மட்டும் ஆசிரியரிடம் தங்கியது. தனியார் பள்ளி ஆசிரியருக்கு அதற்கு மேல் சம்பளக் கவலை. பக்கத்துத் தெலங்கானா 2021-ல் அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் கொடுத்தது. நல்ல காரியம்தான், நிலைமை எங்கே போய் நின்றது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

இப்படி நாள்பட்ட வேலை அழுத்தத்தில் வரும் சோர்வை ‘பர்ன்அவுட்’ என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை; வேலையோடு ஒட்டிய நிலை என்கிறது. உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு, ‘நான் செய்வதால் ஒன்றும் ஆகாது’ என்ற எண்ணம், இந்த மூன்றும் அதன் அடையாளம். வேலையில் தொடங்கிய கோளாறை வேலையில்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு மணி நேர யோகா வகுப்பு வைத்துவிட்டு, கற்பித்தலுக்குச் சம்பந்தமில்லாத பணிகளை அப்படியே தொடர்வது ஏமாற்று.

சில நேரம் இது பர்ன்அவுட்டோடு நிற்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், எதற்கெடுத்தாலும் அழுகை வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகும் நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 2020 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ‘மனோதர்பண்’ மனநல உதவித் திட்டம் மாணவர்களோடு ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான். பல ஆசிரியர்களுக்கு அது தெரியாது. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண் 14416. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். உங்கள் பிள்ளையின் ஆசிரியருக்கு இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.