மஞ்சள் ஒயினில் வேகும் கோழி
ஊருக்கு ஒரு சட்டி – 11

ஒயின் செய்கிறவர்களுக்குக் காற்றுதான் முதல் எதிரி. பீப்பாயில் கிடக்கும் ஒயின் மரத்தின் வழியே ஆவியாகிக் குறையக் குறைய, மேலே இடைவெளி விழாதபடி அவ்வப்போது அதே ஒயினை ஊற்றி விளிம்புவரை நிரப்பி வைப்பார்கள். கவனிக்காமல் விட்டால் வினிகர்தான் மிஞ்சும். ஆனால், பிரான்சின் கிழக்கு ஓரத்தில், பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஜூரா மலையடிவாரத்தில், ஒரு ஒயினை மட்டும் வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. ஆறு வருடத்துக்கு மேல்.

சவாஞன் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து வரும் அந்த ஒயினின் பெயர் வான் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின். பீப்பாயில் இடைவெளி விழுந்ததும் ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு சாம்பல் வெளுப்பான படலமாகப் படர்கிறது. அந்தப் படலம் காற்றைக் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். அந்தக் கொஞ்சக் காற்றில் ஒயின் கெடாமல் வேறொன்றாக மாறுகிறது. அறுவடைக்கு அடுத்து வரும் ஆறாவது ஆண்டின் டிசம்பர் 15 வரை அதைப் புட்டியில் அடைக்கக் கூடாது; அந்தக் காலத்தில் குறைந்தது 60 மாதங்கள் படலத்துக்குக் கீழே கிடந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு லிட்டர் ஊற்றி வைத்தால் கடைசியில் 62 சென்டிலிட்டர்தான் கிடைக்கும் என்பது அந்த ஊர்க் கணக்கு. அதனால்தான் கிளாவ்லான் எனப்படும் அதன் குட்டைப் புட்டியும் சரியாக 62 சென்டிலிட்டர் பிடிக்கும்படி இருக்கிறது.

இந்த ஒயினில் கோழியையும் மோரல் காளானையும் வேகவைத்து, க்ரீம் சேர்த்து இறக்குகிறார்கள். ஜூராவில் விருந்து என்றால் இதுதான். ஆர்புவா நகரில் ஜான்-போல் ஜுனே என்ற சமையல் கலைஞரின் உணவகம் இரண்டு மிஷலான் நட்சத்திரங்களோடு புகழ்பெற்றதில் இந்தப் பண்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வீடுகளிலும் பண்டிகைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே சட்டிதான் ஏறுகிறது. பிரெஞ்சுச் சமையல் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது பர்கண்டியின் சிவப்பு ஒயின் கோழிதான். எனக்கு அதைவிட இதுதான் உயர்ந்தது. சிவப்பு ஒயின் தன் நிறத்தாலும் துவர்ப்பாலும் கோழியை மூடிவிடும். இங்கே கோழி கோழியாகவே இருக்கிறது.

ஆர்புவா என்றதும் சொல்லியாக வேண்டிய இன்னொரு பெயர் லூயி பாஸ்டர். 1822இல் டோல் நகரில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது ஆர்புவாவில். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதால் ஒயின் ஏன் கெடுகிறது என்ற ஆராய்ச்சியில் இறங்கிய அவர், இந்த ஊர் ஒயின்களை வைத்தே அதைச் செய்து 1866இல் புத்தகமாக வெளியிட்டார். பாலைச் சூடாக்கிக் காக்கும் பாஸ்டுரைசேஷனுக்கு வேர் இந்த ஒயின் நிலவறைகளில்தான் இருக்கிறது.

பாட்டிலில் அடைத்த பிறகும் மஞ்சள் ஒயின் எளிதில் சாவதில்லை. 1774ஆம் வருட அறுவடையின் புட்டிகள் மூன்று 2018இல் லோன்-லெ-சோனியே நகரில் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஒன்று ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் போனது. ஷாத்தோ-ஷலோன் என்ற குன்றின் மேல் ஊரில் இந்த ஒயினுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாகப் போய்த் திராட்சையைப் பார்க்கும். 1974, 1980, 1984, 2001 ஆகிய வருடங்களில் பழம் சரியில்லை என்று அந்த ஊர்ப் பெயரில் ஒரு புட்டிகூட வரவில்லை. ஒரு வருட வருமானத்தைவிட ஊரின் பெயர் பெரிது என்று நினைக்கும் விவசாயிகளை எங்கு பார்த்தாலும் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

இனி, நம் வாசகர்களுக்காக நான் சொல்ல விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஒயினை மோந்து பார்த்தால் அக்ரூட், உலர்ந்த பழம், அவற்றுக்கு அடியில் நமக்கு நன்றாகப் பழகிய ஒரு வாசனை. வெந்தயம்! இது கற்பனை இல்லை. சோட்டோலோன் என்ற வேதிப்பொருள்தான் வெந்தயத்தின் வாசனைக்கு அடிப்படை. படலத்துக்குக் கீழே வருடக்கணக்கில் கிடக்கும்போது அதே பொருள் மஞ்சள் ஒயினிலும் சேர்கிறது. ஆகவே இந்தச் சட்டியில் ஒயின் என்பது குழம்புக்கு ஊற்றும் தண்ணீர் இல்லை, மசாலா. மசாலாவை எப்போது போட வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெந்தயத்தை எண்ணெயில் முதலில் போடுவோம், கொத்தமல்லியை இறக்கும்போது தூவுவோம். மஞ்சள் ஒயினையும் அப்படியே இரண்டு தடவையாகப் பிரித்து ஊற்ற வேண்டும்.

காரணம் எளிது. சோட்டோலோன் சூட்டுக்கு எளிதில் பறக்காது. கொதித்த பிறகும் சட்டியிலேயே தங்கும். ஆனால் இந்த ஒயினுக்குக் கூர்மையைத் தரும் இன்னொரு பொருளான அசிட்டால்டிஹைடு தனியாக இருந்தால் சுமார் 20 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அடுப்பில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். போனதைத் திரும்பக் கொண்டுவரத்தான் இறக்கும் நேரத்தில் இரண்டு கரண்டி புது ஒயின். இவ்வளவு விலையுள்ள ஒயினைக் கொதிக்கவிடலாமா என்று ஜூராவிலேயே வாதம் உண்டு. வேகவைக்க மலிவான சவாஞன் ஒயின், கடைசியில் மட்டும் மஞ்சள் ஒயின் என்பவர்கள் ஒரு பக்கம். முழுக்க மஞ்சள் ஒயின்தான் என்பவர்கள் இன்னொரு பக்கம். மலிவான சவாஞனும் படலத்துக்குக் கீழே சில வருடம் கிடந்ததாக இருந்தால், முதல் கட்சியோடு நான் உடன்படுகிறேன்.

கோழி எங்கிருந்து? ஜூராவை ஒட்டிய சமவெளிதான் பிரெஸ். வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறத்தையும் சுமக்கும் பிரெஸ் கோழிக்கு 1957இலேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஒவ்வொரு கோழிக்கும் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்வெளி இருக்க வேண்டும். புழு பூச்சியைத் தானே மேய்ந்து, மேலே மக்காச்சோளமும் கோதுமையும் பாலும் தின்று நான்கு மாதம் வளர்கிறது. நம் ஊர் பிராய்லர் ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். வீட்டில் செய்கிறவர்கள், வாழ்ந்து வளர்ந்த பறவை எது கிடைத்தாலும் அதை வாங்குங்கள். நாட்டுக்கோழி என்றால் வேகும் நேரம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூட ஆகும். ஒன்றை மட்டும் கறிக்கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: தோலை உரிக்க வேண்டாம். தோலின் கொழுப்பு இல்லாமல் இந்தக் குழம்புக்கு உடம்பு சேராது.

காளான் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். மோரல், தேன்கூடு மாதிரிக் குழிகுழியாக இருக்கும் வசந்தகாலக் காட்டுக் காளான். காய்ந்த மோரலுக்கு வாசனை இன்னும் அதிகம். பிரெஞ்சுக்காரர்கள் கடையில் வாங்கும் காய்ந்த மோரல் பெரும்பாலும் அவர்கள் காட்டில் முளைத்ததில்லை. துருக்கியிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. நம் இமயமலையிலிருந்தும் போகிறது. இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் உத்தராகண்டிலும் ‘குச்சி’ என்று அழைப்பது இதைத்தான். பனி உருகும் மாதங்களில் மலைக் கிராமத்து மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, விடியும் முன்பே காட்டுக்குள் போய்ச் சருகுக்குள் தேடிப் பொறுக்கி, நூலில் கோத்து அடுப்புக்கு மேலே காயவைக்கிறார்கள். நாள் முழுக்க நடந்து ஒரு கைப்பிடியோடு திரும்புவதும் உண்டு. கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பண்டத்தில் அந்தக் கைகளுக்குப் போய்ச் சேருவது குறைவு. இடைத்தரகர்கள் பலர்.

மோரலைப் பச்சையாகத் தின்னக் கூடாது. அரைவேக்காடும் ஆகாது. 2023இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு உணவகத்தில் சரியாக வேகாத மோரலைச் சாப்பிட்ட 51 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். இன்னொரு ஆபத்து போலி மோரல். அது மூளை மாதிரிச் சுருண்டிருக்கும், கொடிய நஞ்சு. நெட்டாக வெட்டினால் உண்மையான மோரல் உள்ளே அடியிலிருந்து நுனிவரை ஒரே பொந்தாக இருக்கும். போலி அப்படி இருக்காது. காட்டில் பொறுக்கிச் சமைக்கும் ஆசை வேண்டாம். நம்பகமான கடையில் வாங்குங்கள்.

நான்கு பேருக்கு எட்டுத் துண்டாக வெட்டிய ஒன்றரை கிலோக் கோழி, 30 கிராம் காய்ந்த மோரல், 40 கிராம் வெண்ணெய், கொஞ்சம் சின்ன வெங்காயம், 200 மில்லி ஒயினும் கடைசிக்குத் தனியாக இரண்டு கரண்டியும், 300 மில்லி க்ரீம். வேறு மசாலா எதுவும் வேண்டாம். உப்பும் மிளகும் போதும். பூண்டு போடச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். போட்டால் அதுதான் மணக்கும், ஆறு வருடம் காத்திருந்த ஒயின் பின்னால் போய்விடும்.

மோரலை வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். குழிகளுக்குள் மணல் இருக்கும். நீரிலேயே அலசி எடுத்துப் பெரியவற்றை நெட்டாகப் பிளந்துகொள்ளுங்கள். ஊறிய நீரை மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு அரை டம்ளர் எடுத்து வையுங்கள். கோழியின் ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, அகலமான கனத்த சட்டியில் வெண்ணெய் உருகியதும் தோல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குங்கள். தீ மிதமாகவே இருக்கட்டும். தோல் வெளிர்பொன்னாக வேண்டும், கருகக் கூடாது. கறுத்தால் குழம்பின் நிறமும் போய், கசப்பும் ஏறும். கோழியை எடுத்துவிட்டு அதே வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, மோரலைப் போட்டு ஐந்து நிமிடம் புரட்டுங்கள்.

பிறகு ஒயின். சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு முழுக்க அதில் கரையும்படி மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். வாசனையில் பாதி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒயின் மூன்றில் ஒரு பங்கு வற்றியதும் காளான் ஊறிய நீரையும் கோழியையும் சேர்த்து மூடி, சிறு தீயில் விடுங்கள். நெஞ்சுக்கறி இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். எடுத்துத் தனியே மூடி வையுங்கள். காலும் தொடையும் நாற்பது நிமிடம் கேட்கும். எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து ஒன்றாக இறக்குகிறவர்கள் சக்கையான நெஞ்சுக்கறியைத்தான் பரிமாறுகிறார்கள்.

மிச்சக் கோழியையும் எடுத்துவிட்டுக் க்ரீமை ஊற்றுங்கள். இதில் சிக்கனம் கூடாது. ஒயினின் புளிப்புக்குக் கொழுப்புக் குறைந்த க்ரீம் திரிந்துவிடும். 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள க்ரீம் திரியாமல் அமைதியாக வற்றும். மாவு தூவிக் கெட்டியாக்கும் வழக்கம் ஜூரா வீடுகளிலும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. மாவு வாசனையை மந்தப்படுத்துகிறது. தானாகவே வற்றட்டும். கரண்டியின் முதுகில் குழம்பு படிந்து, அதன் மேல் விரலால் இழுத்த கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. கோழியைத் திரும்பப் போட்டுச் சூடேற்றி, அடுப்பை அணைத்து, தனியே வைத்த இரண்டு கரண்டி ஒயினை ஊற்றிக் கிளறுங்கள். உப்புப் பார்த்து உடனே பரிமாறுங்கள். பக்கத்தில் வெள்ளைச் சோறு. ஜூராவிலும் இதற்குச் சோறு வைப்பது உண்டு.

கொதித்தால் ஒயினில் உள்ள ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில், கொதிக்கும் பண்டத்தில் கால் மணி நேரத்துக்குப் பிறகும் 40 சதவீதம் தங்குகிறது. அரை மணியில் 35, ஒரு மணியில் 25, இரண்டரை மணி நேரம் கொதித்த பிறகும் 5 சதவீதம். நான் சொன்ன அளவில் ஒருவர் தட்டுக்கு ஏறக்குறைய 3 மில்லி வரும். போதைக்கு அது போதாது. ஆனால் மதத்தாலோ மருந்தாலோ மன உறுதியாலோ தொடாதிருப்பவர்களுக்கு அதுவும் மதுதான். குடியிலிருந்து மீண்டு வந்த ஒருவரின் தட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் இதை வைக்கக் கூடாது. விருந்துக்கு அழைக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொடாதவர்கள் திராட்சைச் சாறு, வினிகர் என்று மாற்றுப் பொருள் தேட வேண்டாம். இனிப்பும் காட்டமும்தான் வரும். ஒயினுக்குப் பதில் தெளிந்த கோழிச் சாறு ஊற்றி, மோரலும் க்ரீமும் போட்டு, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிட்டிகையும் எலுமிச்சைச் சாறு சில துளியும் சேர்த்து இறக்குங்கள். அது ஜூராவின் பண்டம் ஆகாது. ஆனால் அந்த ஒயினின் வாசனைக்குக் காரணமான அதே சோட்டோலோன் உங்கள் சட்டியிலும் இருக்கும்.

அடுத்த வாரம்: ஜூராவிலேயே ஒரு பழைய ராணுவக் கோட்டைக்குள் முதிரும் கோம்தே சீஸ்.

(தொடரும்)